எட்டு டப்பாவில் எத்தனை தேவை? சத்து மாத்திரைகளை எண்ணிக் குறைக்கும் வழி

அம்மாவின் மாத்திரைப் பெட்டியை ஒருநாள் மேசைமேல் கவிழ்த்துப் பார்த்தேன். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் டாக்டர் எழுதிக்கொடுத்த இரண்டைத் தனியே எடுத்து வைத்த பிறகும் எட்டு டப்பா மிச்சம் இருந்தது. மல்டிவைட்டமின், கால்சியம், வைட்டமின் டி, எலும்பு பலத்துக்கு என்று ஒன்று, மீன் எண்ணெய், முடி உதிராமல் இருக்க ஒன்று, எதிர்ப்புச் சக்திக்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் வீட்டுக்குள் வந்த கதை தனி. ஒன்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, ஒன்று சித்தி வாங்கிக் கொடுத்தது, இரண்டை நானே ஏதோ விளம்பரம் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். வந்தது எதுவும் திரும்பிப் போகவில்லை. "சத்துதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அம்மா.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப் பல வகை சத்து மாத்திரை விழுங்குகிற ஒருவருக்கு அதில் ஒன்றோ இரண்டோ உண்மையிலேயே தேவைப்படலாம், மற்றவற்றுக்குப் போகிற காசு பெரும்பாலும் வீண்தான், சில சமயம் உடம்புக்குக் கெடுதலும்கூட. அந்த ஒன்றிரண்டு எது என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், "இது நல்ல மாத்திரையா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "எனக்கு என்ன குறைகிறது, அந்தக் குறையை இது தீர்க்குமா?" என்று கேட்டால் கிடைக்கும். அதைக் கண்டுபிடிக்க நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு விஷயம் மட்டும்: டாக்டர் காரணம் சொல்லி எழுதிக்கொடுத்த எதையும் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள், பட்டியலை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே கேளுங்கள்.

முதல் வேலை, கூட்டல் கணக்கு

எல்லா டப்பாவையும் வரிசையாக வையுங்கள். ஒரு தாள் எடுத்து இடது பக்கம் சத்தின் பெயர்களை எழுதுங்கள்: வைட்டமின் ஏ, பி6, பி12, சி, டி, ஈ, கால்சியம், இரும்பு, துத்தநாகம், மக்னீசியம், செலினியம், பயோட்டின் என்று. அப்புறம் ஒவ்வொரு டப்பாவின் பின்பக்க லேபிளைப் படித்து, எந்தச் சத்து எத்தனை மில்லிகிராம் அல்லது மைக்ரோகிராம் என்று அந்தந்த வரிக்கு நேரே எழுதிக்கொண்டே வாருங்கள். பெயர் வேறு வேறாக இருக்கும் டப்பாக்களுக்குள் ஒரே பொருள் திரும்பத் திரும்ப இருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

அம்மாவின் தாளில் வைட்டமின் டி வரியில் விழுந்தது இது: மல்டிவைட்டமினில் 1000 ஐ.யு. (வைட்டமின்களை அளக்கும் ஒரு அலகு), கால்சியம் மாத்திரையிலேயே சேர்த்திருந்தது 500, எலும்பு மாத்திரையில் 1000, தனி டி மாத்திரையில் 2000. மொத்தம் 4500. பெரியவர்களுக்கு, டாக்டர் மேற்பார்வை இல்லாமல் நாள்தோறும் எடுத்துக்கொள்ளக்கூடிய மேல் வரம்பு 4000 ஐ.யு., அதாவது 100 மைக்ரோகிராம். நான்கு டப்பாவில் ஒன்றுகூடத் தனியாக வரம்பை மீறவில்லை, சேர்ந்து மீறியிருக்கின்றன. துத்தநாகமும் அதே கதைதான். மல்டிவைட்டமினில் 15 மில்லிகிராம், எதிர்ப்புச் சக்தி மாத்திரையில் 25, முடி மாத்திரையில் 15, ஆக 55. அமெரிக்க வரம்பு 40, ஐரோப்பிய வரம்பு இன்னும் குறைவு, 25. துத்தநாகம் மாதக்கணக்கில் கூடுதலாகப் போனால் குடலில் செம்பு உறிஞ்சப்படுவது குறையும், அதனால் இரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரலாம். எதிர்ப்புச் சக்தி என்று நம்பி விழுங்குவது, அளவு மீறினால் எதிர்ப்புச் சக்தியையே குறைத்துவிடும்.

இந்தக் கூட்டலில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டிய பெயர்கள் இன்னும் சில உண்டு. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை, மிச்சமானது சிறுநீரில் சுலபமாக வெளியேறாது. அதிலும் வைட்டமின் ஏ-யின் ரெட்டினால் வடிவம் கர்ப்ப காலத்தில் அளவு மீறினால் கருவுக்குக் கேடு. நீரில் கரைவதெல்லாம் ஆபத்தில்லை என்றும் இருந்துவிட முடியாது. பி6 நீரில் கரைவதுதான், ஆனாலும் அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் கை கால் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்பு வரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதன் மேல் வரம்பை நாளைக்கு 12 மில்லிகிராமாகக் குறைத்தது. கடையில் விற்கும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகள் பலவற்றில் அதைவிட எவ்வளவோ அதிகம் இருக்கிறது. மாத்திரை போட்டதும் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறதே, அது மிஞ்சிப்போன பி2 வெளியே போகிற நிறம்.

லேபிளை எப்படிப் படிப்பது

முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். மீன் எண்ணெய் டப்பாவில் 1000 மில்லிகிராம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அது எண்ணெயின் எடை. நமக்கு வேண்டியது அதிலுள்ள இபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள். சாதாரண காப்ஸ்யூலில் இபிஏ 180, டிஎச்ஏ 120, ஆக 300 மில்லிகிராம்தான் இருக்கும். மிச்சம் 700 வெறும் கொழுப்பு. கால்சியத்திலும் இப்படித்தான். 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றால் அதில் உண்மையான கால்சியம் 500 மட்டுமே, ஏனென்றால் கார்பனேட்டில் 40 சதவீதம்தான் கால்சியம். சிட்ரேட் என்றால் 21 சதவீதம். லேபிளில் 'எலிமென்டல்' என்று போட்டிருக்கும் எண்ணே கணக்குக்கு உரியது.

அடுத்து, ஒரு வேளைக்கு எத்தனை மாத்திரை என்ற வரி. 60 மாத்திரை இருக்கிறதே, இரண்டு மாதம் வரும் என்று வாங்கியிருப்போம். உள்ளே பார்த்தால் லேபிளில் உள்ள அளவு இரண்டு மாத்திரைக்கானது, அப்படியென்றால் டப்பா ஒரு மாதத்துக்குத்தான். வைட்டமின் டி-யில் 1 மைக்ரோகிராம் என்பது 40 ஐ.யு. என்று நினைவில் வைத்தால் வேறு வேறு அலகில் எழுதிய டப்பாக்களை ஒப்பிடலாம். பத்துப் பன்னிரண்டு மூலிகைப் பெயரைப் போட்டு, 'தனிக் கலவை' என்று மொத்த எடையை மட்டும் எழுதி, எது எவ்வளவு என்று சொல்லாத டப்பாவை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத பொருளுக்கு எதை நம்பிக் காசு கொடுப்பது?

யாருக்கு நிஜமாகவே தேவை

எல்லாமே ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சத்து மாத்திரை உயிர் காத்த இடங்கள் உண்டு. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுப்பதுதான் இதில் தலையாயது. முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு (மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கருவில் சரியாக மூடாதது) இருந்த தாய்மாரிடம் பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் நடத்திய சோதனை 1991-இல் வெளியானது. ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறைபாடு மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. பொதுவாகச் சொல்லப்படும் அளவு நாளைக்கு 400 மைக்ரோகிராம், கருவுறுவதற்கு முன்பிருந்து முதல் 12 வாரம் வரை. நரம்புக்குழாய் மூடிவிடுவது கரு உண்டான முதல் நான்கு வாரத்துக்குள், அதாவது பலருக்குக் கர்ப்பம் என்றே தெரியாத நேரத்தில். அதனால்தான் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள்.

வயதால் வரும் விழித்திரை மையச் சிதைவு நடுத்தரக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு, கண் டாக்டர் சொல்லும் குறிப்பிட்ட ஒரு கலவை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துகிறது. நல்ல கண் உள்ளவர்களுக்கு அதே மாத்திரையால் பலன் இல்லை. இரத்தசோகையும் இரும்புக் குறைவும் பரிசோதனையில் தெரிந்தவர்களுக்கு இரும்பு, வெயிலே படாமல் இருப்பவர்களுக்கும் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கும் வைட்டமின் டி, இவையும் இந்த வரிசையில் வரும்.

பி12 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அம்மா விஷயத்தில் முடிச்சு அவிழ்ந்தது இங்கேதான். பி12 விலங்கிலிருந்து வரும் உணவில்தான் இருக்கிறது, ஆகவே பால், முட்டைகூட எடுக்காதவர்களுக்கு மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம். வயதானவர்களுக்கு வயிற்றில் அமிலம் குறைவதால் உணவிலிருந்து பி12 பிரிவது குறையும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாக எடுப்பவர்களுக்கும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் பி12 இறங்கும். அம்மா மெட்ஃபார்மின் எடுத்துப் பத்து வருடம் ஆகிறது. பாதம் மரத்துப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், சர்க்கரையால்தான் இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். டாக்டரிடம் தாளைக் காட்டியதும் அவர் முதலில் கேட்டது, பி12 எப்போது பார்த்தீர்கள் என்றுதான். பார்த்ததே இல்லை. பார்த்தபோது குறைவாக இருந்தது. எட்டு டப்பா விழுங்கிக்கொண்டிருந்தவருக்கு உண்மையில் குறைந்திருந்தது ஒன்று, அந்த ஒன்று எட்டு டப்பாவிலும் சேர்த்தே 3 மைக்ரோகிராம்கூட இல்லை. எனக்கு அன்று வந்த வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல.

டாக்டர் எழுதிக்கொடுத்தது 1000 மைக்ரோகிராம். நாளைக்கு வேண்டியதே 2.4 மைக்ரோகிராம் என்னும்போது இது அநியாயமான அளவாகத் தெரியும். ஆனால் இதற்குக் காரணம் இருக்கிறது. வயிற்றில் சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்துதான் பி12 குடலில் உள்ளே போகும், அந்த வழியில் ஒரு வேளைக்குச் சுமார் 2 மைக்ரோகிராமுக்கு மேல் போகாது. மிச்சத்தில் ஏறக்குறைய 1 சதவீதம் மட்டும் தானாக ஊடுருவிப் போகும். 1000-இல் 1 சதவீதம் 10 மைக்ரோகிராம், அந்தப் புரதம் சரியாகச் சுரக்காதவருக்கும் அது போதும். பெரிய எண் என்றாலே வீண் என்று முடிவுகட்டக் கூடாது, எண்ணுக்குப் பின்னால் காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வைட்டமின் சி-யில் கணக்கு தலைகீழ். நாளைக்கு 30 முதல் 180 மில்லிகிராம் வரை எடுத்தால் 70 முதல் 90 சதவீதம் உறிஞ்சப்படும், 1000-ஐத் தாண்டினால் பாதிக்கும் குறைவு. உள்ளே போனதிலும் வேண்டாதது சிறுநீரில் போய்விடும். இரண்டு முறை நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங் 1970-களில் ஜலதோஷத்துக்கு இதைப் பெரிய அளவில் எடுக்கச் சொன்னதிலிருந்து இந்த நம்பிக்கை ஊன்றிவிட்டது. அப்புறம் நடந்த சோதனைகளை எல்லாம் தொகுத்துப் பார்த்ததில், தினமும் எடுப்பது சாதாரண மக்களுக்கு ஜலதோஷம் வராமல் தடுக்கவில்லை, வந்தது பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் சீக்கிரம் போனது, தும்மல் தொடங்கிய பிறகு எடுத்தால் நம்பத்தக்க பலன் எதுவும் இல்லை. ஐந்து நாள் ஜலதோஷத்தில் 8 சதவீதம் என்றால் பத்து மணி நேரத்துக்கும் குறைவு. அதற்காக வருடம் முழுக்க மாத்திரை வாங்க வேண்டுமா என்பதை அவரவர்தான் தீர்மானிக்க வேண்டும், நான் வாங்க மாட்டேன்.

இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணம் எங்கே தவறுகிறது

உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறும் நிறமியான பீட்டா கரோட்டினின் கதையைத் தெரிந்துகொண்டால் இந்த எண்ணம் தானாகவே ஆட்டம் கண்டுவிடும். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருகிறது, அவர்கள் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகமாக இருக்கிறது, ஆகவே அதை மாத்திரையாகக் கொடுத்தால் புகைபிடிப்பவர்களைக் காப்பாற்றலாம் என்று நினைத்தார்கள். நியாயமான யோசனைதான். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் சோதித்து 1994-இல் முடிவு வெளியானபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் அதோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். அங்கே புற்றுநோய் 28 சதவீதமும் மரணம் 17 சதவீதமும் கூடியதால் 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ-யும் தப்பவில்லை. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் ப்ராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்கப் போய், ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு அதே புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-இல் அறிவித்தார்கள்.

காயில் இருக்கும்போது நல்லது செய்தது மாத்திரையில் ஏன் செய்யவில்லை? காய்கறியில் ஒரு பொருள் மட்டும் இல்லை, அளவும் வேறு. இன்னொரு காரணம், காய்கறி நிறையச் சாப்பிடுபவர்கள் பொதுவாக நடப்பவர்கள், புகைக்காதவர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்பவர்கள். சத்து மாத்திரை எடுப்பவர்களும் அப்படித்தான். அவர்கள் ஆரோக்கியமாக இருப்பதைப் பார்த்து, புகழை மாத்திரைக்குக் கொடுத்துவிடுகிறோம். யார் மாத்திரை எடுப்பது, யார் வெற்று மாத்திரை எடுப்பது என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்க்கும் சோதனையில்தான் உண்மை பிடிபடும். அப்படி 25,871 பேரிடம் வைட்டமின் டி-யையும் மீன் எண்ணெயையும் சோதித்ததில், போதிய டி உள்ள சாதாரணப் பெரியவர்களுக்குப் புற்றுநோயோ மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதயநோய்களோ மொத்தத்தில் குறையவில்லை. 2022-இல் வந்த அதன் தொடர்ச்சியில் எலும்பு முறிவும் குறையவில்லை. ஞாபகசக்திக்கு விற்கும் ஜிங்கோவை 3,069 முதியவர்களிடம் பார்த்தார்கள், மறதிநோய் குறையவில்லை என்று 2008-இல் வந்தது. மூட்டுக்கு விற்கும் குளூக்கோசமினை 1,583 பேரிடம் பார்த்தார்கள், மொத்தமாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை என்று 2006-இல் வந்தது.

மல்டிவைட்டமினை மட்டும் இவ்வளவு கறாராகச் சொல்ல முடியாது. 14,641 ஆண் டாக்டர்களிடம் பத்து வருடத்துக்கு மேல் நடந்த சோதனையில் புற்றுநோய் 8 சதவீதம் குறைந்தது, இதயநோய் குறையவில்லை. முதியவர்களின் நினைவாற்றலில் சிறு நன்மை தெரிந்ததாகச் சமீபத்திய சோதனைகள் சொல்கின்றன. மறுபக்கம், 3,90,000 பேரை இருபது வருடத்துக்கு மேல் கவனித்து 2024-இல் வந்த ஆய்வில், தினமும் எடுப்பவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. சாப்பாடு சரியாக இறங்காத முதியவர் நாளைக்கு ஒன்று, சாதாரண அளவில், விலை குறைந்ததாக எடுத்தால் நான் தடுக்க மாட்டேன். நன்றாகச் சாப்பிடுகிற முப்பது வயதுக்காரர் வாங்கினால், அந்தக் காசுக்குப் பழம் வாங்குங்கள் என்பேன்.

பரிசோதனைக்கு முன் ஒரு எச்சரிக்கை

குறை இருக்கிறதா என்று பார்க்க எல்லாவற்றுக்கும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை, அதுவும் காசுதான். அறிகுறி, வயது, எடுக்கும் மருந்து, சாப்பாட்டு முறை இவற்றைச் சொன்னால் டாக்டர் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார். பெரும்பாலும் ஹீமோகுளோபின், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, சிலருக்கு டி. இரும்பு மாத்திரையை மட்டும் சோதிக்காமல் நீங்களாகத் தொடங்கவே கூடாது, இரும்பு உடம்பில் சேர்ந்துகொண்டே போகும் பரம்பரைக் கோளாறு சிலருக்கு உண்டு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம், நான் எடுத்தது அதைப்போல் 300 மடங்குக்கும் மேல். அந்தச் சமயம் வழக்கமான பரிசோதனையில் தைராய்டு அளவுக்கு மேல் வேலை செய்கிறது என்று முடிவு வந்தது. இரண்டு வாரம் பயம், தூக்கமில்லை, கழுத்தைத் தடவிப் பார்த்தபடியே இருந்தேன். டாக்டர் வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது, முடி மாத்திரை மருந்தல்லவே என்று சொல்லாமல் விட்டிருந்தேன். இரண்டாவது முறை கேட்டபோதுதான் சொன்னேன். நிறுத்திவிட்டு மறுபடி பார்த்ததில் தைராய்டு சரியாக இருந்தது. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையே ஒரு பசைபோலப் பயன்படுத்துகின்றன, இரத்தத்தில் அது அளவுக்கு மீறி இருந்தால் கணக்கு தப்பிவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதனால் தவறாகக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. ஆகவே எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் சத்து மாத்திரைகளின் பெயரை மறைக்காமல் சொல்லுங்கள், பயோட்டினை எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்றும் கேளுங்கள்.

வைத்துக்கொள்வதை ஒழுங்காக எடுப்பது

தேவை என்று முடிவானதைச் சரியான நேரத்தில் எடுக்காவிட்டால் அந்தக் காசும் போய்விடும். இரும்பை டீ, காபியோடு எடுத்தால் உறிஞ்சுவது வெகுவாகக் குறையும், ஒரு மணி நேரமாவது தள்ளி எடுங்கள். தினமும் எடுப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கும்போது உறிஞ்சும் விகிதம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, வயிற்றுக்கும் அது சுலபம், உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். கால்சியம் ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் முழுதாக ஏறாது. கார்பனேட்டைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், சிட்ரேட்டுக்கு அது கட்டாயமில்லை. டி-யைக் கொஞ்சம் கொழுப்பு உள்ள சாப்பாட்டோடு எடுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் கால்சியத்தையும் இரும்பையும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மருந்து சரியாக வேலை செய்யாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வைட்டமின் கே உள்ள எதையும் கேட்காமல் தொட வேண்டாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கருத்தடை மாத்திரை உட்படப் பல மருந்துகளின் வேகத்தைக் குறைத்துவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, லேபிளில் உள்ளதுதான் உள்ளேயும் இருக்கிறதா என்பது. பல நாடுகளில் இவை மருந்தைப் போல முன்கூட்டியே சோதித்து அனுமதிக்கப்படுவதில்லை. தூக்கத்துக்கு விற்கும் மெலடோனின் மிட்டாய் 25 வகையை வாங்கிச் சோதித்து 2023-இல் எழுதினார்கள், 22-இல் லேபிளும் உள்ளிருப்பதும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் எழுதியிருந்ததைப்போல் மூன்றரை மடங்கு இருந்தது. நிறுவனத்தைச் சேராத அமைப்பு சோதித்த முத்திரை, யு.எஸ்.பி. அல்லது என்.எஸ்.எஃப். போன்றது, இருந்தால் சொன்ன அளவு இருக்கிறது என்று நம்பலாம். பலன் தரும் என்பதற்கு அந்த முத்திரை சாட்சி இல்லை. உடனடி எடைக்குறைப்பு, ஆண்மைச் சக்தி, வேகமாகத் தசை என்று விற்பவற்றை எந்த முத்திரை இருந்தாலும் விட்டுவிடுங்கள், ரகசியமாக மருந்து கலந்து பிடிபடுவது அதிகமும் இந்த மூன்றில்தான்.

நிறுத்துவது எப்படி

இப்போது தாளில் ஒவ்வொரு டப்பாவுக்கும் நேரே, இதை எந்தக் குறைக்காக எடுக்கிறேன் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "நல்லதாம்" என்பது பதில் ஆகாது. பதில் எழுத முடியாதவை ஒரு பக்கம் போகட்டும். அப்புறம் செலவு: ஒரு மாத்திரையின் விலையை நாளைக்கு எத்தனை என்பதால் பெருக்கி, அதை 365-ஆல் பெருக்குங்கள். டப்பா விலையாகப் பார்க்கும்போது சின்னதாகத் தெரிவது வருடக் கணக்கில் பார்த்தால் திடுக்கிட வைக்கும். வைத்துக்கொள்ளப் போவதிலும், உண்மையான சத்து 100 மில்லிகிராமுக்கு எவ்வளவு காசு என்று ஒப்பிட்டால், அதே பொருள், அதே அளவு, பெயர் மட்டும் பெரிது என்று இரண்டு மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்துவிடும்.

முதலில் ஒரே சத்து இரண்டு மூன்று இடத்தில் வருவதை ஒன்றாக்குங்கள். அடுத்து, வரம்பு மீறியதையும் எடுக்கும் மருந்தோடு மோதுவதையும் நிறுத்துங்கள். மிச்சத்தை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் எதனால் என்ன மாறியது என்று தெரியாது. நிறுத்திய தேதியை எழுதி, எந்தத் தொல்லைக்காக எடுத்தீர்களோ அதை வாரம் ஒருமுறை பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். எட்டு வாரம் போதும். மிஞ்சிய மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், அவர் வீட்டிலும் நான்கு டப்பா இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இரும்பு கலந்த எதையும் எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். பெரியவர்களுக்கான இரும்பு மாத்திரை ஒரு கைப்பிடி போதும், சின்னக் குழந்தையின் உயிரே போகலாம்.

அம்மா மூட்டு மாத்திரையை விட மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. "அதை விட்டால் நடக்கவே முடியாது" என்றார். சரி, எட்டு வாரம் நோட்டில் எழுதிப் பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டேன். ஞாயிறுதோறும் அவரே எழுதினார்: 5, 6, 5, 5, 4, 6, 5, 5. முழுதாக எடுத்துக்கொண்டிருந்தபோது போட்ட மதிப்பெண்ணும் 5 தான். நோட்டை மூடி வைத்துவிட்டு, அந்த டப்பாவை அவரே எடுத்துப் போட்டார். பெட்டியில் இப்போது பி12 இருக்கிறது, டி 1000 ஐ.யு. இருக்கிறது, இரண்டு மூடியிலும் அடுத்த பரிசோதனை எந்த மாதம் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.